விக்டோரியாவும் ஒரு பற்றரிதான்

யூடியூப்ல 'வேன் லைஃப்'னு தேடிப் பாருங்க. ஒரு வேன், கூரையில நாலு சோலார் பனல், பின்கதவைத் திறந்தா மெத்தை, மெத்தைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. "எனக்குக் கரண்ட் பில் இல்ல, நான் யாரையும் நம்பி இல்ல" என்று அந்த வேன்காரர் சொல்லுவார். வசதியான நாடுகளில தொடங்கின இந்த ஆசை இப்ப எங்க பக்கமும் வந்துட்டுது. கண்டி - மஹியங்கனை வீதியில தெல்தெனியவைத் தாண்டுறவங்களுக்கு அந்த வீடியோவுக்கு ஏத்த பின்னணி ரெடியாவே இருக்கு: ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மற்றப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம்.

ஆனா அந்தத் தண்ணிக்குள்ள ஒரு டவுன் இருக்கு. பழைய தெல்தெனிய. கடும் வரட்சியில தண்ணி இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியில தெரியும். நாட்டுக்கு மின்சாரமும் வயலுக்குத் தண்ணியும் வேணும் என்பதற்காக மூழ்கடிக்கப்பட்ட ஊர் அது. அதன் கரையில வேனை நிறுத்திட்டு "நான் யாரையும் நம்பி இல்ல" என்று சொல்றது எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு. கோபம் இல்ல. ஆனா பேச வேண்டிய விஷயம்.

எங்க கருத்தை முதல்லயே சொல்லிடுறோம். சோலாரை வச்சுப் பயணம் போறது நல்ல விஷயம். மலையகத்து இளைஞர்கள் கட்டாயம் கத்துக்க வேண்டிய விஷயம் என்றுகூடச் சொல்லுவோம். ஆனா அது சொல்லித் தர்ற பாடம் சுதந்திரம் இல்ல. வெளிச்சத்தைச் சேமிச்சு வைக்க ஒரு விலை இருக்கு, அந்த விலையை எங்கயோ யாரோ கட்டுறாங்க என்பதுதான் அந்தப் பாடம். இதைக் கத்துக்கிட்டா, வேனே இல்லாத எங்களுக்கும் அந்த வேனுக்குள்ள இருக்கிற சாமான் பயன்படும்.

சேமிப்புத்தான் விஷயம்

துரித மகாவலித் திட்டத்தில விக்டோரியா அணைக்கட்டு பிரித்தானிய உதவியோட கட்டப்பட்டது. 1985 ஏப்ரல் 12ஆம் திகதி நடந்த திறப்பு விழாவில ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவோட பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரும் நின்றார். 122 மீற்றர் உயரம், இலங்கையிலயே உயரமான அணை. மின் நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவொட். இந்த எண்களைப் பாடசாலையில மனப்பாடம் பண்ணியிருப்போம். அதுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு எழும்பிப் போனதைப் பத்திப் பாடப் புத்தகம் அவ்வளவா பேசாது.

அணைக்கட்டு என்ன செய்யுது என்று யோசிச்சுப் பாருங்க. மழை பெய்யுறது எங்களுக்குக் கரண்ட் தேவைப்படுற நேரத்தில இல்ல. கரண்ட் அதிகமாத் தேவைப்படுறது பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, எல்லா வீட்டிலயும் லைட்டும் டிவியும் ஒரே நேரத்தில போடும்போது. அதனால மழையைப் பிடிச்சு வச்சு, வேணும்போது திறந்து விடுறோம். கிடைக்கிற நேரத்தில வாங்கி, தேவைப்படுற நேரத்துக்கு வைக்கிறது. பற்றரி செய்யுறதும் அதேதான். விக்டோரியா நாட்டோட பற்றரி. அந்தப் பற்றரியை வைக்க இடம் வேணும் என்றபோது எடுக்கப்பட்ட இடம் தெல்தெனிய.

இப்ப சோலாருக்கு வருவோம். வெயில் இலவசம் என்று எல்லாரும் சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா வெயில் பகல் 12 மணிக்குக் கிடைக்குது. எங்களுக்கு வேண்டியது ராத்திரி 8 மணிக்கு. இந்த எட்டு மணித்தியால இடைவெளிதான் சோலாரின் முழுப் பிரச்சினையும். பனல் வருசா வருசம் மலிஞ்சுகொண்டே வந்தது. அந்த இடைவெளியைக் கடக்க வைக்கிற பற்றரிதான் இன்னும் காசு பிடிக்கிற சாமான்.

இதை நாங்க ஒரு நாடாகவே அனுபவிச்சுத் தெரிஞ்சுகொண்டோம். 2016ல 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில அரசாங்கம் வீட்டுக் கூரைகளில சோலார் வைக்கச் சொல்லி ஒரு இயக்கம் தொடங்கினது. வசதியான பல வீடுகளில பனல் ஏறினது. பிறகு 2022 வந்தது. எண்ணெய் வாங்க டொலர் இல்லாம, மார்ச் மாதக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்க. அப்ப பலருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கூரையில பனல் இருந்த வீடுகளும் இருட்டில கிடந்தது!

காரணம் இதுதான். சாதாரணமாக் கூரையில பூட்டுற சோலார், மின்சார சபையின் கம்பியோட சேர்ந்துதான் வேலை செய்யும். கம்பியில கரண்ட் நின்றவுடனே அதன் இன்வெர்ட்டரும் தானா நின்றுடும். அப்படி நிற்காட்டி, செத்துப் போன கம்பி என்று நினைச்சு ஏறித் திருத்துற தொழிலாளிக்கு அடிச்சிடும். அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, பிழை இல்ல. ஆனா பற்றரி இல்லாத வீட்டுக்காரர், பட்டப்பகல்ல கூரை முழுக்க வெயில் காயும்போது உள்ளே வேர்த்து வடிஞ்சுகொண்டு இருந்தார். அதே நேரம் 100 வொட் பனலும் சின்ன பற்றரியும் வச்சிருந்த ஒரு வேன்காரருக்கு லைட்டும் ஃபேனும் ஓடியிருக்கும்.

2025ல இதன் மறுபக்கம் தெரிஞ்சது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருண்டது. குரங்கை வச்சு நாங்க எல்லாரும் மீம் போட்டோம். ஆனா அந்த ஞாயிறு பகல் மின்தேவை குறைவு, சோலார் கூட. அப்படியான நேரத்தில ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்குற பலம் மின் வலைப்பின்னலுக்குக் குறைவு என்று மீமுக்குப் பிறகு வந்த விளக்கங்கள் சொன்னது. ரெண்டு மாசம் கழிச்சு, புத்தாண்டு விடுமுறையில, கூரைச் சோலார் வச்சிருக்கிறவங்க பகல் நேரத்தில அதை நிறுத்தி வைக்கணும் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டு, தேவை குறைவு, வர்ற கரண்டைப் போட்டு வைக்க இடம் இல்ல.

அதாவது, இருட்டில இருந்த அதே நாடு மூணு வருசத்தில வெயிலை வேணாம் என்று சொல்லுற நிலைக்கு வந்தது. வெயில் மாறல. சேமிக்க இடம் இல்லாததும் மாறல.

வேன் ஒரு கணக்கு வாத்தியார்

இப்ப அந்த வேனுக்குள்ள ஏறிப் பார்ப்போம். இங்க வேன் என்று சொல்லும்போது வெளிநாட்டு கேரவன் எல்லாம் கனவு காண வேணாம். கிட்டத்தட்ட அஞ்சு வருசம் வாகன இறக்குமதி பூட்டிக் கிடந்து, 2025ல திறந்த பிறகும் விலை கிட்டப் போக முடியாத இடத்தில இருக்கு. எங்க ஊர்க் கணக்கில அது பழைய டொல்பின் வேனா இருக்கும், இல்லாட்டி ஓட்டோவா இருக்கும். ஆனா வண்டியிலயே வாழ்றது எங்களுக்குப் புதுசும் இல்ல. கதிர்காமத்துக்கு வேன் பிடிச்சுப் போற குடும்பத்தைப் பாருங்க. அண்டா, அரிசி, பாய், அடுப்பு எல்லாம் ஏத்திக்கொண்டு போய், ஆத்தங்கரையில சமைச்சு, வண்டியிலயே தூங்கி எழும்பி வர்றாங்க. பாட்டுப் போட்டுக்கொண்டு வர்ற சூன் பாண் ஓட்டோ ஒரு நடமாடும் கடை. அதுக்கெல்லாம் 'வேன் லைஃப்' என்று யாரும் பேர் வைக்கல, அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. ரெண்டு பேர், ரெண்டு நாள் பயணம். ரெண்டு போன் சார்ஜ் போட ஒரு நாளைக்கு 50 வொட் மணித்தியாலம். 5 வொட் எல்.ஈ.டி. லைட் ரெண்டு, அஞ்சு மணித்தியாலம்: 50. ராத்திரி முழுக்க ஓடுற சின்ன 12 வோல்ற் ஃபேன், 15 வொட், எட்டு மணித்தியாலம்: 120. கமரா, ஸ்பீக்கர் என்று இன்னும் ஒரு 30. மொத்தம் 250. இதுதான் ஒரு நாளைத் தேவை.

100 வொட் பனல் ஒன்று, நல்ல வெயில் நாளில முழுப் பலத்தோட வேலை செய்யுறது சுமார் நாலு மணித்தியாலம் என்று வைங்க. 400. அதில சூட்டிலயும் வயரிலயும் பற்றரியிலயும் போறது போகக் கைக்கு வர்றது சுமார் 300. போதும். ஆனா ரங்கல பக்கம் ஏறி மூடுபனிக்குள்ள போனா அதே பனல் கால்வாசிகூடத் தராது. மார்கழி, தை மாசத்தில வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில அடிக்கும்போது, ரெண்டு நாளைக்குச் சூரியனே இல்ல என்று வச்சுத்தான் கணக்குப் போடணும். அதுக்கு 12 வோல்ற், 50 அம்பியர் மணித்தியாலம் உள்ள லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி ஒன்று வேணும். அது சுமார் 600 வொட் மணித்தியாலம் வச்சிருக்கும். ரெண்டு ராத்திரிக்குத் தாங்கும்.

இனி ஆசையைக் கூட்டிப் பாருங்க. சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வச்சா ஒரு நாளைக்கு இன்னும் 400 வேணும். ஒரு பனல் மூணு பனலாகும், பற்றரி ரெண்டு மடங்காகும். 600 வொட் ரைஸ் குக்கரில அரை மணித்தியாலம் சோறு ஆக்கினா 300. அதாவது, ரெண்டு பேரின் முழு நாள் கரண்டும் ஒரு பானைச் சோத்துக்குப் போயிடும். 1500 வொட் கேத்தலை 12 வோல்ற் பற்றரியில ஓட்டினா 125 அம்பியர் இழுக்கும். சரியான தடிப்பு இல்லாத வயர் என்றா அதில தேத்தண்ணிக்கு முதல் வயர்தான் கொதிக்கும். ஏ.சி.? மறந்துடுங்க. சமையலுக்கு காஸ், வெளிச்சத்துக்கு சோலார். அதுதான் மலைப் பயணத்தின் நியாயமான பங்கு பிரிப்பு.

இன்னும் சில விஷயம், சோலார் பூட்ட யோசிக்கிறவங்களுக்கு. ஐரோப்பாவில பனலைச் சரிச்சு வைக்கப் பெரிய கஷ்டம் படுவாங்க, சூரியன் அங்க தாழ்வாப் போறதால. நாங்க பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைதான். வேன் கூரையில மட்டமாப் படுக்க வச்சாலே கிட்டத்தட்டப் போதும். ஆனா நிழல் விழக் கூடாது. ஒரு கொப்பின் நிழல் பனலின் ஒரு மூலையில விழுந்தாலும் வர்ற கரண்ட் பெருசா விழுந்துடும். வேனைக் குளிர்ச்சிக்காக மரத்துக்குக் கீழ விட்டா சோலார் இல்ல, வெயிலில விட்டா உள்ள இருக்க ஏலாது. அதனால மடிச்சு எடுத்துப் போற பனலும் நீளமான வயரும் நல்லது. வாகனத்தை ஸ்டார்ட் பண்ணுற பற்றரியை இந்த வேலைக்குப் பாவிக்க வேணாம். அது ஒரு நொடி பலமா உதைக்கச் செய்தது. இரவு முழுக்க மெதுவா வடிய விட்டா சீக்கிரம் செத்துடும். பற்றரிக்குக் கிட்டவே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடுங்க. வேனுக்குள்ள நெருப்புப் பத்தினா ஓட இடம் இல்ல.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் பிறகு பழைய மாதிரி ஸ்விச்சைப் போட மாட்டான். வீட்டில இருக்கும்போது கரண்ட் என்பது மாசக் கடைசியில வர்ற ஒரு துண்டுக் கடதாசி. வேனுக்குள்ள அது இந்த ராத்திரி ஃபேனா, நாளைக்குப் போனா என்ற தெரிவு. அதனாலதான் வேனை ஒரு வாத்தியார் என்று சொல்றோம்.

யாருக்கு அது விடுமுறை?

ஆனா இந்த வாத்தியார் முழுக் கதையையும் சொல்ல மாட்டார். 'ஓஃப் கிரிட்' என்பது ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு விதி. அமெரிக்காவிலயே இது இப்படித்தான். ஜெசிக்கா புரூடர் 2017ல எழுதின 'நோமட்லாண்ட்' புத்தகத்தையோ, அதை வச்சு க்ளோயி ஷாவ் எடுத்து ஒஸ்கார் வாங்கின படத்தையோ பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த வேன்களில இருக்கிற பலர் சுற்றுலாக்காரர் இல்ல. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டு வாடகை கட்ட ஏலாம வண்டிக்குள்ள குடியேறின வயசாளிகள். அரிசோனா பாலைவனத்தில குவாட்ஸைட் பக்கம் குளிர்காலத்தில வந்து கூடுற வண்டிகளில சொகுசு வண்டியும் இருக்கும், வேற வழியில்லாதவரின் வண்டியும் இருக்கும். ரெண்டு கூரையிலயும் ஒரே மாதிரி பனல்.

எங்க நாட்டுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. கம்பி வராத கிராமங்களில, டிவி பார்க்கிறதுக்காகக் கார் பற்றரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் போட்டு வருவாங்க. 1990களின் கடைசியில இருந்து உலக வங்கியின் உதவித் திட்டங்களில, கடனுக்கு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சின்னச் சோலார் போச்சு. ஒரு பனல், ஒரு பற்றரி, சில லைட், கறுப்பு வெள்ளை டிவிக்கு ஒரு பிளக். இப்ப யூடியூபில காட்டுற வேன் சோலாரின் மூத்த அக்கா அது. கிராமத்துக்குக் கம்பி வந்ததும் பல வீடுகளில அதைக் கழட்டி ஓரமா வச்சாங்க. எங்க சனம் 'ஓஃப் கிரிட்' வாழ்க்கையை ஏற்கனவே வாழ்ந்து பார்த்து, கம்பியைத் தெரிவு செய்த சனம். அதை நாங்க மதிக்கணும். 'கரண்ட் இல்லாத அழகிய கிராமம்' என்று சுற்றுலா விளம்பரம் போடுறவங்களுக்கும் இதைத்தான் சொல்றோம்: இல்லாமையை அழகு என்று விக்காதீங்க.

லயத்துக்கு வருவோம். கூரைச் சோலார் திட்டம் எல்லாம் சொந்தக் கூரை இருக்கிறவருக்கானது. வீட்டு உறுதி வேணும், வங்கிக் கடன் வேணும், கூரை பாரம் தாங்கணும். லயத்துக் காம்பிராவில பிறந்து வளர்ந்தவங்களில பெரும்பாலானவங்களுக்கு இந்த மூணும் இல்ல. தகரக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், காணியும் தோட்டத்துக்குச் சொந்தம். இருநூறு வருசம் வாழ்ந்த இடத்தில ஒரு பனலைப் பூட்ட உரிமை இல்லாத சனம் நாங்க.

ஆனா வேன்காரரின் சோலாரைப் பாருங்க. அதுக்குச் சொந்தக் கூரை தேவையில்ல. மடிச்சுத் தூக்கிப் போகலாம். முத்தத்தில விரிச்சு வைக்கலாம், மழை வந்தா உள்ள எடுக்கலாம், வீடு மாறினா கூடவே வரும். உறுதிப் பத்திரம் கேட்காத சோலார் அது. பயணத்துக்கென்று செய்த சாமான், காணி உரிமை இல்லாதவருக்குத்தான் கச்சிதமாப் பொருந்துது. இது காணி உரிமைக்குப் பதில் இல்ல. அந்தக் கேள்வியை நாங்க விடப் போறதும் இல்ல. ஆனா அதுவரைக்கும் இருட்டில இருக்கணும் என்று சட்டம் இல்ல.

இதில உயிர் விஷயமும் இருக்கு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சபோது கண்டி மாவட்டமும் மலைநாட்டின் மற்றப் பகுதிகளும் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். மண்சரிவு, பாதைகள் அறுந்து போனது, பல இடங்களில கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. அந்த நேரத்தில ஒரு போன்ல மிஞ்சி இருக்கிற 10 சதவீத சார்ஜ் என்பது, 'நாங்க உயிரோட இருக்கோம்' என்று சொந்தக்காரருக்குச் சொல்ல முடியுமா இல்லையா என்ற கேள்வி. இன்சுலினைக் குளிரா வச்சிருக்க வேண்டியவரும், நெபுலைசர் பாவிக்கிற பிள்ளையும் எல்லா ஊரிலயும் இருக்காங்க. மேல போட்ட 250 வொட் மணித்தியாலக் கணக்கைத் திரும்பப் பாருங்க. அதையே போனுக்கு மட்டும் என்று ஒதுக்கினா, ஒரு நாளைக்குப் பத்துப் போனுக்கு முழுச் சார்ஜ். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டா ஒரு லயத்துக்கே போதும்.

அப்ப என்ன செய்யலாம்?

சிலர் சொல்லுவாங்க, "இது காசு உள்ள ஆக்களின் விளையாட்டு, எங்களுக்கு எதுக்கு" என்று. காசு வேணும், உண்மை. ஆனா பத்துப் பேர் சேர்ந்து ஒரு கூடாரம் வாங்கிப் பயணம் போற நாங்க, பத்துப் பேர் சேர்ந்து ஒரு சோலார் பெட்டி வாங்க ஏலாதா? 100 வொட் மடிப்புப் பனல் ஒன்று, 50 அம்பியர் பற்றரி ஒன்று, ஒரு சார்ஜ் கொன்ட்ரோலர், ஃபியூஸ், நாலு யூஎஸ்பி வாய், ரெண்டு லைட். லீவு நாளில அது ஹுன்னஸ்கிரிய பக்கம் பயணம் வரட்டும். மற்ற நாளில கோயில் மடத்திலயோ பள்ளிவாசலிலயோ வாசிகசாலையிலயோ இருக்கட்டும். பயணத்தில பாவிக்கிறதாலயே அது எப்பவும் வேலை செய்யுற நிலையில இருக்கும். அலுமாரிக்குள்ள பூட்டி வச்ச அவசரகாலச் சாமான் அவசரத்தில வேலை செய்யாது என்பது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் நின்று, "எல்லாரும் மின்சார சபையை விட்டுட்டு ஓஃப் கிரிட் போயிடணும்" என்பாங்க. அதுக்கும் நாங்க ஒத்துக்க மாட்டோம். ஒவ்வொரு வீடும் தனித்தனியா மூணு நாள் மழைக்குப் பற்றரி வாங்கி வைக்கிறது, ஒவ்வொரு வீடும் தனித்தனியா அணைக்கட்டுக் கட்டுற மாதிரி. கம்பி என்பது பகிர்ந்துகொள்றதுக்கான ஏற்பாடு. வசதியானவங்க எல்லாம் கழண்டு போனா, மிஞ்சின கம்பியின் செலவைக் கட்டப் போறது லயத்துச் சனம்தான். பகல்ல சோலார் ஓடும்போது விக்டோரியாவில தண்ணியைப் பிடிச்சு வச்சு, ராத்திரியில திறந்து விடலாம். பழைய பற்றரியும் புதுப் பற்றரியும் சேர்ந்து வேலை செய்யுறதுதான் புத்தி. வேன் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அதையே மதமாக்க வேணாம்.

பயணம் போறவங்களுக்கும் சிலது. நக்கிள்ஸ் 2010ல இருந்து உலக மரபுரிமை. அந்தக் காட்டுக்குள்ள தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேணும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே சுற்றுப்புறம் ஒரு சரணாலயம். சோலார் இருக்கு, யாருக்கும் தொந்தரவு இல்ல என்று நினைச்சு எங்கயும் வேனை விட ஏலாது. ஜெனரேட்டர் சத்தம் இல்லாதது நல்லதுதான். ஆனா ராத்திரி முழுக்கக் காட்டுக்குள்ள லைட்டைப் போட்டு வைக்கிறதும் ஒரு சத்தம்தான், மிருகங்களுக்கு. பற்றரி செத்தா அதை மலையில வீசிட்டு வராதீங்க. அந்தப் பற்றரிக்குள்ள இருக்கிற லித்தியம் சிலி நாட்டு அட்டகாமா உப்பு நிலத்தில இருந்து வந்ததாக்கூட இருக்கலாம். அங்க உப்புத்தண்ணியை உறிஞ்சி வெயிலில காய வச்சுத்தான் அதை எடுக்கிறாங்க, தங்களுடைய தண்ணிக்கு என்ன ஆகும் என்று அந்த ஊர்ச் சனமும் கேட்டுக்கொண்டு இருக்கு. தெல்தெனியக்காரருக்கு அந்தக் கேள்வியைத் தனியா விளக்கத் தேவையில்ல.

அதனாலதான் சின்னதாப் போதும் என்று சொல்றோம். 100 வொட்டில முடியுற பயணத்துக்கு 1000 வொட் வேணாம். எங்க வெளிச்சத்துக்காக எங்கயோ மூழ்குற இடம் எவ்வளவு சின்னதா இருக்கோ, அவ்வளவு நல்லது.

முதல் வேலையை இன்றைக்கே தொடங்கலாம், காசும் தேவையில்ல. வீட்டில இருக்கிற ஒவ்வொரு சாமானின் பின்பக்கத்தையும் திருப்பி, எத்தனை வொட் என்று ஒரு கொப்பியில எழுதுங்க. எத்தனை மணித்தியாலம் ஓடுது என்று பக்கத்தில போடுங்க. பெருக்குங்க. அடுத்த மாரிக்கு முதல் உங்க தோட்டத்தில, உங்க வீதியில, அந்தக் கொப்பி வச்சிருக்கிற ஒரு அக்காவோ தம்பியோ, அவங்க கையில ஒரு சோலார் பெட்டியோ இருந்தா, கம்பி அறுந்த அந்த முதல் ராத்திரியில யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்.